கதவு மாற்றவும் கடன் கேட்கலாம்!



குழுக் கூட்டத்தில் கடன் கேட்கும்போது நாம் என்ன காரணம் சொல்கிறோம்? கறவை மாடு, ஆடு, பெட்டிக்கடை, பிள்ளைகள் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு. கடன் பதிவேட்டைப் புரட்டினால் இவைதான் திரும்பத் திரும்ப வரும். "வீட்டுக் கதவு இத்துப் போச்சு, மாத்தணும்" என்று சொல்லிக் கடன் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. "கதவுக்கெல்லாம் எப்படிக் கடன் கேக்கறது? எல்லாரும் என்ன நினைப்பாங்க?" என்ற கூச்சம்தான் காரணம்.

கேட்கவில்லை என்பதற்காகத் தேவை இல்லாமல் போகுமா? வெளியில் 5 பைசா வட்டிக்கு வாங்கிக் கதவு போடுகிறோம். இல்லையென்றால் குழுவில் "கறவை மாடு" என்று எழுதிக் கடன் வாங்கிக் கதவு போடுகிறோம். அதுவும் முடியாதவர்கள் சாக்கைக் கட்டி, தகரத்தைச் சாத்தி, கல்லை முட்டுக் கொடுத்து நாளை ஓட்டுகிறோம். இந்த மூன்றும் வேண்டாம். கதவு, ஜன்னல் மாற்றுவது நியாயமான கடன் காரணம்தான். அதற்கு என்னென்ன வழி உண்டு, எந்த வழியில் எவ்வளவு செலவாகும் என்பதைப் பார்ப்போம்.

கதவு அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். யோசித்துப் பாருங்கள்.

• தாழ்ப்பாள் சரியாக விழாத வீட்டில் வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியுமா? வீட்டுக்காரர் வெளியூரில் வேலை பார்க்கிறார் என்றால் ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியுமா?

• கதவின் அடிப்பலகை இத்துப்போன சந்தில்தான் எலி வருகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது.

• ஐப்பசி, கார்த்திகை மழையில் உளுத்த ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தால் நெல் மூட்டை, ரேஷன் அரிசி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் நனைகிறது.

• திறக்க வராத ஜன்னல் இருந்தும் இல்லாத மாதிரிதான். விறகு அடுப்புப் புகை வெளியே போகாமல் நம் நெஞ்சுக்குள் போகிறது.

• சிறுகச் சிறுகச் சேர்த்த நகை, வீட்டுப் பத்திரம், குழுவின் பணம், பதிவேடு எல்லாம் அந்த ஒரு கதவை நம்பித்தான் உள்ளே இருக்கின்றன.

இதையெல்லாம் அதிகம் அனுபவிப்பது வீட்டுக்குள் இருக்கும் பெண்கள். அதனால் கதவைப் பற்றிக் குழுவில் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் பாருங்கள்: மாற்ற வேண்டுமா, பழுது பார்த்தால் போதுமா?

கடன் கேட்கும் முன் ஒரு நல்ல ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நாமும் பார்க்கலாம். ஒரு ஸ்குரூ டிரைவரால் நிலையின் அடிப்பகுதியைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. தட்டிப் பார்த்தால் வெற்றுச் சத்தம் வந்தாலோ, மண்ணால் கோடு போட்டது போலக் கரையான் புற்று ஏறியிருந்தாலோ உள்ளே அரித்திருக்கிறது என்று அர்த்தம்.

பெரும்பாலும் நிலை முழுவதும் கெட்டுப்போவதில்லை. தரையை ஒட்டிய ஒரு அடி, ஒன்றரை அடிதான் முதலில் இத்துப்போகும். அந்தத் துண்டை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, வேறு நல்ல மரத்தை ஒட்டுப் போட்டுச் சேர்க்க முடியும். கதவின் அடிப்பலகையை மட்டும் மாற்றி, வெளிப்பக்கம் தகடு அடித்தால் பல வருஷம் ஓடும். கதவு தரையில் இழுபடுகிறது என்றால் பல நேரம் கீல் தளர்ந்திருக்கும். அதற்கு நூறு, இருநூறு ரூபாய்ச் செலவுதான்.

பழைய தேக்கு, வேங்கை, பலா மரக் கதவாக இருந்தால் அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். "பழசுதானே, ஐந்நூறு ரூபாய் தர்றேன், எடுத்துட்டுப் போறேன்" என்று யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவு, நிலை, ஜன்னல்களை விற்பதற்கென்றே காரைக்குடியில் கடைகள் இருக்கின்றன. பழைய தேக்குக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. அதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதே பல நேரம் லாபம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு விற்று, அந்தப் பணத்தைப் புதுக் கதவுக்குப் போடுங்கள். அந்த அளவுக்குக் கடன் குறையும்.

இன்னொன்று. கதவு ஏன் கெட்டது என்று பார்க்காமல் புதுக் கதவு போடாதீர்கள். மேலே சன்ஷேட் இல்லாமல் மழைத் தண்ணீர் நேராக அடிக்கிறதா? வாசலில் தண்ணீர் தேங்குகிறதா? அதைச் சரி செய்யாமல் போட்டால் புதுக் கதவும் பழைய கதவின் கதிக்குத்தான் வரும். புது நிலை வைக்கும்போது மண்ணிலும் சுவரிலும் பதியும் பகுதிக்குத் தார் பூசச் சொல்லுங்கள். கரையான் தொல்லை அதிகமுள்ள ஊரில் சிமெண்ட் நிலையோ இரும்பு நிலையோ வைக்கலாம். பி.வி.சி. கதவு தண்ணீருக்குத் தாங்கும் என்பதால் குளியலறைக்கும் கழிப்பறைக்கும் ஏற்றது. வாசலுக்கு அது உறுதி போதாது.

செலவை முழுசாகக் கணக்குப் போடுங்கள்

கதவின் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்து கடன் வாங்குவதுதான் நிறையப் பேர் செய்வது. பாதி வேலையில் பணம் தீர்ந்துபோகும். மீதிக்கு வட்டிக்காரரிடம் ஓட வேண்டிவரும். ஒரு வாசலுக்கு நிலையோடு புதுக் கதவு போடுவதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ளது உதாரணக் கணக்குதான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்கள் எழுதிப் பாருங்கள்.

கதவு – ரூ.9,500
நிலை – ரூ.4,500
கீல், தாழ்ப்பாள், கொண்டி, பூட்டு – ரூ.1,200
ஆசாரி கூலி – ரூ.2,000
கொத்தனார், சித்தாள் கூலி, சிமெண்ட், மணல் – ரூ.1,800
வண்டி வாடகை – ரூ.500
பெயிண்ட் – ரூ.500
மொத்தம் – ரூ.20,000

கதவும் நிலையும் 14,000 ரூபாய்தான். மற்ற செலவு 6,000 ரூபாய். இந்த ஆறாயிரம்தான் நம்மைச் சிக்கவைக்கிறது. ஆகவே கடன் மனுவோடு இப்படி ஒரு செலவுச் சீட்டையும் வைக்க வேண்டும் என்று குழுவில் வழக்கப்படுத்துங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

1. குழுவின் சொந்தப் பணம்

முதலில் நம் சேமிப்பிலிருந்து கொடுக்கும் உள்கடன். 15 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு மாதம் 100 ரூபாய் சேமித்தால் வருஷத்துக்கு 18,000 ரூபாய் சேரும். இதோடு வட்டி வரவும் சுழல்நிதியும் உண்டு. இந்தக் கடனுக்குப் பட்டா வேண்டாம், ஜாமீன் வேண்டாம், அலைச்சல் இல்லை. நாம் கட்டும் வட்டியும் நம் குழுவுக்கே வந்து சேரும். சின்னப் பழுதுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

2. வங்கி இணைப்புக் கடன்

இங்கேதான் நம்மில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. "பேங்க் கடன் தொழிலுக்கு மட்டும்தான், வீட்டுக்குச் செலவு பண்ணக் கூடாது" என்று சொல்வார்கள். உண்மை அப்படி இல்லை. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள குழுக்களுக்குக் கடன் கொடுப்பது பற்றி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு விதிமுறை கொடுத்திருக்கிறது. உறுப்பினர்கள் எதற்கெல்லாம் கடனைப் பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கிறது. குடும்பத்தின் சமூகத் தேவைகள், அதிக வட்டிக் கடனை அடைப்பது, வீடு கட்டுவது அல்லது பழுது பார்ப்பது, கழிப்பறை கட்டுவது, வாழ்வாதாரத் தொழில் எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. கதவு மாற்றுவது வீட்டுப் பழுதுதானே!

ஆனால் ஒரு அளவு இருக்கிறது. குழு வாங்கும் கடன் 2 லட்சத்துக்கு மேல் போனால் குறைந்தது 50 சதவீதமும், 4 லட்சத்துக்கு மேல் போனால் 75 சதவீதமும், 6 லட்சத்துக்கு மேல் போனால் 80 சதவீதமும் வருமானம் தரும் வேலைக்குப் போக வேண்டும் என்று அதே விதிமுறை சொல்கிறது. அதாவது குழு 3 லட்சம் வாங்கினால் குறைந்தது ஒன்றரை லட்சம் தொழிலுக்கு. மீதியில் வீட்டுப் பழுது, படிப்பு, மருத்துவம் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

வட்டி எவ்வளவு? ரிசர்வ் வங்கி 2022-ல் அறிவித்த வட்டி மானிய ஏற்பாட்டில், 3 லட்சம் ரூபாய் வரையான குழுக் கடனுக்கு ஆண்டு வட்டி 7 சதவீதம். உங்கள் குழுக் கணக்கில் எத்தனை சதவீதம் போடுகிறார்கள் என்று மேலாளரிடம் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். 10 லட்சம் ரூபாய் வரையான குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. இதுவும் விதிமுறைதான்.

வங்கிக் கடன் வாங்கும் முன் எழுதும் நுண்கடன் திட்டத்தில் "வீட்டுப் பழுது – கதவு, ஜன்னல்" என்று உள்ளபடியே எழுதுங்கள். கதவு வாங்கிவிட்டு மாடு என்று எழுதினால் என்ன ஆகும்? பால் பணத்திலிருந்து தவணை வரும் என்று குழு கணக்குப் போட்டிருக்கும். கதவு பால் கறக்குமா? மூன்றாவது மாதமே தவணை இடிக்கும். மாட்டைப் பார்க்க அதிகாரி வந்தால் பக்கத்து வீட்டு மாட்டைக் காட்ட வேண்டிவரும். நம் குழுவின் பெயர் கெட்டுவிடும். உண்மையைச் சொல்லிக் கேட்க வழி இருக்கும்போது இந்தச் சங்கடம் எதற்கு?

3. அரசு உதவி

கதவு, ஜன்னலுக்கென்று தனி மானியம் இல்லை. வீட்டுப் பழுதுக்கான உதவியில்தான் இது அடங்கும்.

அரசுத் திட்டத்தில் கட்டிய பழைய தொகுப்பு வீடுகளில் குடியிருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 2000-2001-ஆம் ஆண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளில் 2.5 லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுது பார்க்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. 2024-25, 2025-26 ஆகிய இரண்டு ஆண்டுகளில் செய்வதாகத் திட்டம். இப்படிப்பட்ட திட்டத்தில் வீடுகளைக் கணக்கெடுத்துப் பட்டியல் போட்டுத்தான் உதவி கொடுப்பார்கள். உங்கள் வீடு கணக்கெடுப்பில் இருந்ததா என்று ஊராட்சிச் செயலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கேளுங்கள். வீடு ஒதுக்கிய ஆணையோ, யார் பெயரில் வீடு என்பதற்கான ஆதாரமோ கையில் இருக்கட்டும். வீடு மாமனார் பெயரிலோ, இறந்துபோன கணவர் பெயரிலோ இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றும் வேலையை இப்போதே தொடங்குங்கள். எந்த உதவி வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம், வீடு இல்லாதவர்களுக்கும் கச்சா வீட்டில் இருப்பவர்களுக்கும் புது வீடு கட்டத்தான். அதற்கு முன்பிருந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தில் பழைய வீட்டை மேம்படுத்தவும் ஒரு தொகை உண்டு. 2016-ல் புதிய திட்டம் வந்த பிறகு அது இல்லை. ஆகவே "பிரதமர் வீட்டுத் திட்டத்துல கதவுக்குப் பணம் வாங்கித் தர்றேன்" என்று யாராவது கமிஷன் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

புயல், வெள்ளத்தில் கதவு, ஜன்னல் போனால் அது பேரிடர் நிவாரணத்தில் வரும். அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, சேதத்தை வந்து பார்க்கச் செய்யுங்கள். முடிந்தால் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். 2022 முதல் 2026 மார்ச் வரைக்கான மத்திய அரசு விதிமுறையில், குறைந்தது 15 சதவீதம் சேதமான பக்கா வீட்டுக்கு ரூ.6,500, கச்சா வீட்டுக்கு ரூ.4,000 என்று இருந்தது. குடிசைக்குத் தனித் தொகை. கதவு மட்டும் உளுத்துப் போனதற்கு இந்த நிவாரணம் கிடையாது.

4. நகைக் கடன்

அவசரம் என்றால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைக்கலாம். வட்டியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கெடு முடிவதற்குள் மீட்க எந்த வருமானம் வரும் என்று முதலில் யோசியுங்கள். அறுவடையோ, சீட்டுப் பணமோ வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வையுங்கள். நகை ஏலத்துக்குப் போனால் கதவும் வேண்டாம் என்று ஆகிவிடும்.

5. மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகள்

வீட்டு வாசலில் வந்து கொடுப்பார்கள். வாங்குவது சுலபம். வட்டி குழுக் கடனைவிட அதிகம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி:

• வருஷ வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் இந்தக் கடனுக்கு எந்த அடமானமும் கேட்கக் கூடாது.
• குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது.
• வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் எழுதிய தகவல் தாளும், நமக்குப் புரியும் மொழியில் கடன் அட்டையும் கொடுக்க வேண்டும்.
• முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் போடக் கூடாது.
• நம் சம்மதம் இல்லாமல் இன்சூரன்ஸோ, பொருளோ தலையில் கட்டக் கூடாது.
• தவணை கேட்டுக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது.

வட்டிக் கணக்கு: அதே 20,000 ரூபாய்!

இந்தப் பகுதியைக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். 20,000 ரூபாய்க் கடன். மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டி 20 மாதத்தில் முடிக்கிறோம்.

• குழுக் கடன், 1 பைசா வட்டி, பாக்கி அசலுக்கு மட்டும்: முதல் மாத வட்டி 200 ரூபாய், அடுத்த மாதம் 190, அப்புறம் 180. கடைசி மாதம் 10 ரூபாய். மொத்த வட்டி ரூ.2,100.

• குழுக் கடன், ஒன்றரை பைசா வட்டி, அதே முறை: ரூ.3,150.

• 2 பைசா வட்டி, அதே முறை: ரூ.4,200.

• 1 பைசா வட்டி, ஆனால் "பிளாட்" முறை: அசல் குறைந்தாலும் மாதாமாதம் அதே 200 ரூபாய். மொத்த வட்டி ரூ.4,000. பார்த்தீர்களா? "ஒரு பைசா வட்டிதான்" என்று சொல்லிவிட்டு, கிட்டத்தட்ட 2 பைசா வட்டி வாங்கிவிடுகிறார்கள்!

• தண்டல்: 20,000 என்று எழுதிக்கொண்டு 3,000 பிடித்துக்கொண்டு 17,000 கையில் தருகிறார்கள். தினம் 200 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மூன்றே மாதத்தில் 3,000 ரூபாய் போய்விடுகிறது. நாளுக்கு நாள் பாக்கி குறைவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இது மாதம் சுமார் 10 பைசா வட்டி.

• கந்துவட்டி, 5 பைசா: மாதம் 1,000 ரூபாய் வட்டி மட்டும். 20 மாதம் கட்டினால் 20,000 ரூபாய் போயிருக்கும். அசல் 20,000 அப்படியே நிற்கும்.

கடைசிக் கணக்கைக் குழுக் கடனோடு வைத்துப் பாருங்கள். குழுவில் மாதம் 1,200 ரூபாயில் தொடங்கிக் குறைந்துகொண்டே வந்து 20-ஆவது மாதம் கடன் தீர்கிறது. கந்துவட்டியில் மாதம் 1,000 ரூபாய் கட்டியும் கடன் தீரவே இல்லை. மாதம் இருநூறு ரூபாய் குறைவு என்று பார்த்துப் போய், முழு அசலையும் தலையில் சுமக்கிறோம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி எல்லாம் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். யாராவது மாட்டிக்கொண்டு தவித்தால் மறைக்காமல் குழுவில் சொல்லுங்கள். அந்தக் கடனை அடைக்கவும் குழுக் கடன் கொடுக்கலாம்.

குழு கவனிக்க வேண்டியவை

கதவு வருமானம் தராது. இதை மறக்கக் கூடாது. மாட்டுக் கடனைப் பால் அடைக்கும், கதவுக் கடனை நம் கூலிதான் அடைக்க வேண்டும். ஆகவே தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். வேலை இல்லாத மாதங்களையும் நினைத்துத் தவணையை வையுங்கள். எல்லாக் கதவையும் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம். வாசல் கதவு முதலில், பின்கதவு அடுத்து, ஜன்னல் அப்புறம்.

ஒரே மாதத்தில் நாலு பேர் கேட்டால் யாருக்கு முதலில்? குலுக்கல் போட வேண்டாம். வாசலில் தாழ்ப்பாளே இல்லாத வீடு, தனியாக வாழும் பெண், வயசுப் பெண் இருக்கும் வீடு, மாற்றுத்திறனாளி இருக்கும் வீடு. இந்த வீடுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

ஊராட்சியில் உள்ள குழுக்களில் பத்துப் பேருக்குக் கதவு தேவை என்றால், கூட்டமைப்பு மூலம் ஒரே பட்டறையில் சேர்த்து விலை பேசுங்கள். ஒருத்தர் போய்க் கேட்கும் விலையும் பத்துப் பேர் சேர்ந்து கேட்கும் விலையும் ஒன்றாக இருக்காது. வண்டி வாடகையும் பங்காகும்.

ஆசாரிக்கோ பட்டறைக்கோ முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். மரம் வாங்க ஒரு பங்கு, கதவு செய்து முடித்ததும் ஒரு பங்கு, மாட்டித் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்த பிறகு மீதி. பச்சை மரத்தில் செய்த கதவு காய்ந்ததும் வளைந்துவிடும். காய்ந்த மரமா என்று கேட்டு வாங்குங்கள். ரசீது வாங்கிக் குழுவில் கொடுங்கள்.

தீர்மானம் இப்படி எழுதலாம்:

"நம் குழு உறுப்பினர் திருமதி ........... அவர்களின் வீட்டு வாசல் நிலை, கதவு பழுதடைந்துள்ளதால், அவற்றை மாற்ற ரூ.20,000 கடன் வழங்கலாம் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வட்டி மாதம் 1 சதவீதம், பாக்கி அசலுக்கு மட்டும். தவணை 20 மாதம். செலவுச் சீட்டு இணைக்கப்பட்டது. வேலை முடிந்ததும் ஊக்குநரும் பிரதிநிதியும் நேரில் பார்த்துக் கையெழுத்திடுவார்கள்."

சகோதரிகள் கேட்கும் கேள்விகள்

வீடு என் பெயரில் இல்லை. கடன் கிடைக்குமா?
குழு உள்கடனுக்கும் வங்கி இணைப்புக் கடனில் உங்கள் பங்குக்கும் வீட்டுப் பத்திரம் தேவையில்லை. அரசு உதவிக்குத்தான் வீட்டு ஆதாரம் தேவை.

வாடகை வீட்டில் இருக்கிறேன். கதவு போடலாமா?
முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். கதவு அவருடைய சொத்து. நீங்கள் செலவு செய்வதாக இருந்தால், வாடகையில் மாதம் எவ்வளவு கழித்துக்கொள்வார் என்று எழுதி வாங்கிய பிறகு செய்யுங்கள்.

ஏற்கெனவே குழுக் கடன் பாக்கி இருக்கிறது. இன்னொன்று கேட்கலாமா?
இரண்டு தவணையும் சேர்ந்து உங்களால் கட்ட முடியுமா என்று பார்த்துக் குழு முடிவு செய்யலாம். முடியாது என்றால் இப்போதைக்குத் தாழ்ப்பாள், கீல், அடிப்பலகை என்று சின்னப் பழுது பாருங்கள். பழைய கடன் தீர்ந்ததும் கதவு போடலாம்.

வட்டி அதிகமாக இருந்தாலும் வெளியில் வாங்கினால் யாருக்கும் தெரியாதே?
தெரியாமல் வாங்கும் கடன்தான் கடைசியில் ஊருக்கே தெரிகிறது. குழுவில் கேட்டால் 15 பேருக்குத் தெரியும். அந்தப் பதினைந்து பேரும் நம் கூடப் பிறக்காத அக்கா தங்கச்சிகள்தானே!

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் எத்தனை பேர் வீட்டில் வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட முடியாத நிலையில் இருக்கிறது?
2. நம் குழு வாங்குவது பாக்கி அசலுக்கான வட்டியா, பிளாட் வட்டியா? பிளாட் என்றால் மாற்றலாமா?
3. நம் ஊராட்சியில் பழைய தொகுப்பு வீடுகள் எத்தனை? பழுது பார்க்கும் பட்டியலில் எத்தனை வீடு வந்தது? இதைக் கிராம சபையில் யார் கேட்பது?

மூன்றாவது கேள்விக்கு ஒருவர் பெயரை அன்றைக்கே முடிவு செய்து தீர்மானத்தில் எழுதுங்கள். கிராம சபையில் ஒருத்தி எழுந்து கேட்டால் உட்காரச் சொல்வார்கள். இருபது பேர் கூட நின்றால் பட்டியலை எடுத்துக் காட்டுவார்கள்.